கார்ப்பரேட் பணம் வாங்காத வேட்பாளருக்கு மட்டும்தான் ஓட்டுப் போட வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கிறீர்கள். சமீபத்தில்தான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்திருக்கிறது. எந்தக் கட்சியிலும் பதிவு செய்துகொள்ளவில்லை. எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு, கல்விக் கடன், கூலி உயர்வு போன்ற விஷயங்களில் முற்போக்காளர்கள் பக்கம் நிற்கிறீர்கள். 2028 அதிபர் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சி பிரைமரியில் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்ட வாக்கெடுப்பில்), "கார்ப்பரேட் பணம் வாங்க மாட்டேன் என்று உறுதி கொடுத்தவருக்குத்தான் ஓட்டு" என்பது உங்கள் முடிவு. "எல்லாரும் வாங்கினவங்கதான், பிரிச்சுப் பார்க்கிறதே வெட்டி வேலை" என்கிறார் உங்கள் மைத்துனர். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு வேட்பாளர் விலைபோனவரா என்பதை வெளியில் நிற்கும் நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்த பிறகு அதை வைத்து என்ன செய்வது?

நான் பல ஆண்டுகளாகத் தேர்தல் பிரசாரக் குழுக்களுக்குக் கணக்கு எழுதி, கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்துக்கு அறிக்கை தாக்கல் செய்யும் வேலையில் இருக்கிறேன். பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்குத்தான் செய்திருக்கிறேன், என் சாய்வும் அந்தப் பக்கம்தான்; அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது வரவு செலவுப் பேரேடு. மூடிய அறையில் நன்கொடையாளரும் வேட்பாளரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எந்தப் பேரேட்டிலும் வராது.

முதலில் சட்டம். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தன் கஜானாவிலிருந்து அதிபர் வேட்பாளருக்கு நேரடியாக ஒரு டாலர்கூடத் தர முடியாது. 1907-இல் வந்த டில்மன் சட்டத்திலிருந்தே இது தடை. நம்மூர்த் தேர்தல் பத்திரச் செய்திகளைப் படித்துவிட்டு இங்கே வருபவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். நிறுவனம் செய்யக்கூடியது, ஒரு நிதிக்குழுவைத் தொடங்கி, தன் மேலாளர்களிடமும் பங்குதாரர்களிடமும் வசூலித்து, அந்தப் பணத்தை வேட்பாளர்களுக்குத் தருவது. இதைத்தான் கார்ப்பரேட் பேக் என்கிறார்கள். ஒரு தேர்தலுக்கு ஒரு வேட்பாளருக்கு 5,000 டாலர்தான் அதன் உச்சவரம்பு. பல கோடி டாலர் புரளும் அதிபர் தேர்தலில் இந்த 5,000 எந்த மூலைக்கு? பெரிய வேட்பாளர்களின் கணக்கில் கார்ப்பரேட் பேக் வரவு கண்ணுக்கே தெரியாத அளவில்தான் இருக்கும். ஆகவே அதிபர் வேட்பாளர் ஒருவர் "கார்ப்பரேட் பேக் பணம் தொடமாட்டேன்" என்று மேடையில் சொன்னால், ஏற்கெனவே சர்க்கரை போடாமல் காபி குடிப்பவர் சர்க்கரையைத் துறந்த கதைதான். காங்கிரஸ் உறுப்பினர்கள் விஷயம் வேறு. பதவியில் இருக்கும் ஒரு கீழவை உறுப்பினருக்கு இந்தக் காசோலைகள் வரவில் கணிசமான பங்கு. அங்கே வேண்டாம் என்று சொன்னால் நிஜமாகவே வலிக்கும். அதே உறுதிமொழிக்கு இரண்டு இடத்தில் இரண்டு விலை.

அடுத்து, இணையத்தில் சுற்றும் "இந்த வேட்பாளருக்கு எண்ணெய் நிறுவனங்கள் இத்தனை லட்சம் தந்தன" என்ற பட்டியல்கள். இவை எப்படி உருவாகின்றன என்பதை உங்களையே வைத்துச் சொல்கிறேன். நீங்கள் ஒரு வேட்பாளருக்கு 250 டாலர் தருகிறீர்கள். நன்கொடை 200 டாலரைத் தாண்டியதும் உங்கள் பெயர், முகவரி, தொழில், வேலை செய்யும் நிறுவனம் எல்லாவற்றையும் நாங்கள் அறிக்கையில் எழுதியாக வேண்டும். நிறுவனத்தின் கட்டத்தை நீங்கள் காலியாக விட்டிருந்தால் 30 நாளுக்குள் மறுபடி கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பிக் கேட்க வேண்டும் என்பது விதி. என் வேலை நேரத்தில் பெரும்பகுதி இந்தக் கட்டத்தைத் துரத்துவதிலேயே போகும். "தொழில்: மென்பொருள்" என்று எழுதிவிட்டு நிறுவனத்தின் பெயரை விட்டுவிடுவார்கள், ஓய்வு பெற்றவர்கள் பழைய ஆபீஸ் பெயரைப் போடுவார்கள். ஆய்வு அமைப்புகள் அந்தக் கட்டத்தை எடுத்து, நிறுவனவாரியாகக் கூட்டி, துறைவாரியாகப் பிரிக்கின்றன. நீங்கள் ஒரு வங்கியில் சர்வர் பார்த்துக்கொள்பவராக இருந்தால், உங்கள் 250 டாலர் "வால் ஸ்ட்ரீட் பணம்" ஆகிவிடும். (இடையில் ஒன்று: பச்சை அட்டை வைத்திருப்பவர்கள் நன்கொடை தரலாம், ஓட்டுப் போடத்தான் முடியாது. எச்1பி விசாவில் இருப்பவர்கள் ஒரு டாலர்கூடத் தரக்கூடாது. தமிழ்ச் சங்கத்து நண்பர்கள் தெரியாமல் தந்துவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்பதுண்டு.)

இந்தக் கணக்கு எவ்வளவு தடுமாற வைக்கும் என்பதற்கு பீட்டோ ஓ'ரூர்க் ஓர் உதாரணம். 2018-இல் டெக்சஸ் செனட் தேர்தலில் எந்த பேக் பணமும் வாங்காமல் ஏறத்தாழ 8 கோடி டாலர் திரட்டினார். தேர்தல் முடிந்ததும், எண்ணெய், எரிவாயுத் துறையிலிருந்து 4 லட்சம் டாலருக்கு மேல் வாங்கினார் என்று முற்போக்காளர்களே அவரைப் பிடித்துக்கொண்டார்கள். டெக்சஸில் எண்ணெய்த் துறையில் வேலை செய்யாத குடும்பம் எத்தனை? அதில் கிணற்றடியில் நிற்கும் தொழிலாளியின் பணமும் உண்டு, அதிகாரிகளின் பெரிய காசோலைகளும் உண்டு. இரண்டையும் ஒரே கூட்டுத்தொகைக்குள் போட்டால் விஷயம் மறைந்துவிடும். மறுபக்கம் பாருங்கள்: அமேசானை மேடைக்கு மேடை வறுத்தெடுத்த முற்போக்குச் செனட்டர் பெர்னி சாண்டர்ஸுக்கு 2020-இல் நன்கொடை தந்தவர்கள் வேலை செய்த நிறுவனங்களின் பட்டியலில் அமேசான் முன்வரிசையில் இருந்தது. கிடங்கில் பெட்டி தூக்குபவர்களும் பொறியாளர்களும் தந்த சில்லறைப் பணம் அது. அந்தப் பட்டியலை மட்டும் பார்த்தால் சாண்டர்ஸ் அமேசானின் ஆள்.

உண்மையான பெரும் பணம் ஓடும் கால்வாய் வேறு. 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 'சிட்டிசன்ஸ் யுனைட்டட்' வழக்கில் 5-க்கு 4 என்ற கணக்கில், வேட்பாளருடன் ஒருங்கிணைக்காமல் தனியாகச் செய்யும் பிரசாரச் செலவுக்கு நிறுவனங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் வரம்பு போடக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்த மார்ச்சிலேயே வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் இன்னொரு தீர்ப்பு, வரம்பில்லாமல் பணம் திரட்டித் தனியாகச் செலவழிக்கும் குழுக்களான சூப்பர் பேக்குகளுக்கு வழி திறந்தது. தனிநபர் ஒருவர் வேட்பாளருக்கு நேரடியாகத் தரக்கூடியது 2024-இல் பிரைமரிக்கு 3,300, பொதுத்தேர்தலுக்கு 3,300 டாலர். சூப்பர் பேக்குக்கு எத்தனை கோடி வேண்டுமானாலும் தரலாம். "ஒருங்கிணைக்கக் கூடாது" என்பது ஏட்டில் இருக்கிறது. நடைமுறையில், வேட்பாளரின் சொந்த இணையதளத்தில் ஒரு மூலையில் சிவப்புக் கட்டம் போட்டு, "வாக்காளர்கள் இதைப் பார்க்க வேண்டும்" என்று ஆரம்பித்து, யாரைத் தாக்க வேண்டும், எந்த ஊரில், எந்த வயதுக்காரர்களிடம் என்பது வரை எழுதி வைப்பார்கள். "பார்க்க வேண்டும்" என்றால் தொலைக்காட்சி விளம்பரம், "படிக்க வேண்டும்" என்றால் தபாலில் அனுப்பும் துண்டறிக்கை, "போகிற வழியில் பார்க்க வேண்டும்" என்றால் கைப்பேசி. பொதுவெளியில் எழுதியதை யாரும் படிக்கலாம் அல்லவா, ஆகவே ஒருங்கிணைப்பு இல்லை என்று வாதம். எங்கள் தொழிலில் இதைப் படிக்கத் தெரியாதவர் கிடையாது.

இதோடு இன்னொரு தந்திரம், நேரம். முற்போக்குச் செனட்டர் எலிசபெத் வாரன் 2020 பிரைமரியில் பெரும் பணக்காரர்களின் விருந்து மேசைகளுக்குப் போகமாட்டேன் என்றார், சூப்பர் பேக்குகளையும் கடுமையாகக் கண்டித்தார். 2020 பிப்ரவரியில் கையில் காசு கரைந்தபோது அவருக்காக ஒரு சூப்பர் பேக் முளைத்து, 1 கோடி டாலருக்கு மேல் விளம்பரத்தில் கொட்டியது. அவரும் தடுக்கவில்லை. மற்றவர்கள் விடாதபோது நான் மட்டும் ஏன் நிராயுதபாணியாக நிற்க வேண்டும் என்ற தொனியில் பதில் சொன்னார். அந்தப் பணம் பெரும்பாலும் ஒரே நன்கொடையாளரிடமிருந்து வந்தது என்பது அறிக்கையில் வெளியானபோது மார்ச் 20 ஆகியிருந்தது, அவர் போட்டியிலிருந்து விலகி இரண்டு வாரம் ஓடியிருந்தது. சட்டமீறல் எதுவும் இல்லை. அறிக்கை தாக்கல் செய்யும் தேதிகளைப் பார்த்து ஆரம்பித்தால் ஓட்டுப் போட்ட பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும், அவ்வளவே. சாண்டர்ஸும் இதில் முழுக்கத் தப்பவில்லை. 2016-இல் செவிலியர் சங்கத்தின் சூப்பர் பேக் அவருக்காகச் செலவிட்டது. தொழிற்சங்கப் பணமும் கார்ப்பரேட் பணமும் ஒன்றா என்றால் என் பார்வையில் இல்லை. ஆனால் "சூப்பர் பேக் இல்லாதவர்" என்பதை அளவுகோலாக வைத்தால் அந்தக் கோல் எங்கெல்லாம் வளைகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு பணம் கொட்டினால் அதிபர் பதவியை வாங்கிவிடலாமா? இதில் உங்கள் மைத்துனர் தவறு என்று தயங்காமல் சொல்லலாம். 2015-இல் ஜெப் புஷ்ஷின் சூப்பர் பேக் முதல் ஆறு மாதத்திலேயே 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. கடைசியில் அவருக்குக் கிடைத்தது 4 கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகள். மைக்கேல் புளூம்பெர்க் 2020-இல் சொந்தப் பணம் 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்து வென்றது அமெரிக்க சமோவா என்ற சிறு தீவுப் பகுதியை மட்டும். 2024-இல் கமலா ஹாரிஸின் பிரசாரம் மூன்றே மாதத்துக்குள் 100 கோடி டாலர் திரட்டியும் தோற்றது. ஜோ பைடன் 2020 பிப்ரவரியில் ஏறத்தாழக் கைக்காசு இல்லாமல் நின்றவர். பிப்ரவரி 26-இல் சவுத் கரோலினாவின் செல்வாக்குள்ள கறுப்பினக் கீழவை உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் ஆதரவு அறிவித்தார். 29-இல் சவுத் கரோலினாவில் கறுப்பின வாக்காளர்கள் பைடனை ஏறக்குறைய 49 சதவீத வாக்கோடு தூக்கி நிறுத்தினார்கள். அடுத்த இரண்டு நாளில் போட்டியாளர்களான புட்டிஜிஜும் க்ளோபுச்சாரும் விலகினார்கள். மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் 10 பைடனுக்கு; பெரிதாகச் செலவே செய்யாத மாசசூசெட்ஸ் உட்பட. அங்கே சொந்த மாநிலத்திலேயே வாரன் மூன்றாம் இடம்.

இந்த நான்கைந்து நாள் நிகழ்வை "கார்ப்பரேட் சதி" என்று நம்பும் முற்போக்கு நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. கட்சிப் பெரியவர்களும் நன்கொடையாளர்களும் சாண்டர்ஸை விரும்பவில்லை என்பது ஊரறிந்தது. தேதிகளும் அப்படியே நிற்கின்றன. ஆனால் பணம் தந்தவர்கள்தான் அந்த விலகல்களைச் செய்ய வைத்தார்கள் என்பதற்கு நான் பார்த்த எந்த ஆவணத்திலும் ஆதாரம் இல்லை. சவுத் கரோலினாவில் வரிசையில் நின்ற மூத்த கறுப்பினப் பெண்களை கார்ப்பரேட் கைப்பாவைகள் ஆக்கிவிட்டுத்தான் அந்த விளக்கம் நிற்கும். அதனால்தான் எனக்கு அது பிடிக்கவில்லை.

பணத்தின் பிடி உண்மையில் இருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, போட்டி தொடங்குவதற்கு முன்பே. ஓட்டு விழுவதற்கு ஓராண்டு முன்னரே, யாரிடம் பணம் வருகிறது என்று பார்த்துத்தான் ஊடகம் ஒருவரைக் கண்டுகொள்கிறது, நல்ல ஊழியர்கள் வேலைக்கு வருகிறார்கள், மாநில அலுவலகங்கள் திறக்கின்றன. இந்தக் கண்ணுக்குத் தெரியாத சுற்றில் கழிந்துபோனவர்களின் பெயர் நமக்குத் தெரியக்கூட வராது. 2016-இல் சாண்டர்ஸ் சராசரியாக 27 டாலர் வீதம் 20 கோடி டாலருக்கு மேல் திரட்டிக் காட்டியது இந்தக் கதவில் விழுந்த பெரிய ஓட்டை. பெரிய மனிதர்களின் வரவேற்பறை வழியே போகாமலும் நாடு முழுக்கப் போட்டியிட முடியும் என்று அதன் பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எதிர்ப்பக்கத்தில் ஹிலாரி கிளின்டனுக்காக 2016 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த விருந்தில் முன்வரிசைத் தம்பதிக்கு விலை 3 லட்சத்து 53 ஆயிரம் டாலர். விருந்தில் முன்னால் நின்ற நடிகர் ஜார்ஜ் க்ளூனியே அது அசிங்கமான தொகைதான் என்று தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது இடம், தேர்தல் முடிந்த பிறகு, சட்டத்தின் உட்பிரிவுகளில். ஆராய்ச்சியாளர்கள் இதில் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கிலென்ஸ், பேஜ் என்ற இருவர் 2014-இல் 1,779 கொள்கை விஷயங்களை எடுத்துப் பார்த்து, பணக்காரர்களும் அமைப்பாகத் திரண்ட வணிகக் குழுக்களும் விரும்பியது நடக்கிறது, சராசரிக் குடிமகனின் விருப்பத்துக்குத் தனியான செல்வாக்கு ஏறத்தாழ இல்லை என்றார்கள். பெரும்பாலான விஷயங்களில் நடுத்தர வர்க்கமும் பணக்காரர்களும் ஒரே பக்கம்தான் இருக்கிறார்கள் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். எனக்கு அதைவிட உறுதியாகப் படுவது 2016-இல் வெளியான ஒரு சின்னச் சோதனை. 191 காங்கிரஸ் அலுவலகங்களுக்குச் சந்திப்பு கேட்டு மின்னஞ்சல் போனது. சந்திக்க வருபவர்களை, சில அலுவலகங்களுக்கு "தொகுதி மக்கள்" என்றும், மற்றவற்றுக்கு "நன்கொடையாளர்கள்" என்றும் எழுதினார்கள். நன்கொடையாளர் என்ற சொல் இருந்தபோது உறுப்பினரோ மூத்த உதவியாளரோ சந்திக்க வந்தது மூன்று நான்கு மடங்கு அதிகம். பணம் காதை வாங்குகிறது என்பது இதில் தெளிவு. ஓட்டை வாங்குகிறதா என்பதை இந்தச் சோதனை சொல்லவில்லை.

உட்பிரிவு என்று சொன்னேனே, மருந்து விலையை எடுத்துக்கொள்வோம். முதியோருக்கான மெடிகேரில் மருந்துச் சலுகையைச் சேர்க்கும் மசோதா 2003 நவம்பரில் கீழவைக்கு வந்தது. விடியற்காலை 3 மணிக்கு வாக்கெடுப்பைத் தொடங்கி, தோற்பதுபோல் இருந்ததால் ஏறத்தாழ மூன்று மணி நேரம் திறந்தே வைத்து, ஆள் பிடித்து, 220-க்கு 215 என்று நிறைவேற்றினார்கள். அதற்குள் ஒரு வரி: மருந்து நிறுவனங்களுடனான விலைப் பேச்சில் அரசு தலையிடக் கூடாது. மசோதாவைத் தயாரித்ததில் முக்கியப் பங்காற்றிய குழுத் தலைவர் பில்லி டாசின் 2005 ஜனவரியில் மருந்து நிறுவனங்களின் சங்கத் தலைவராகப் போய் உட்கார்ந்தார். 2008-இல் ஒபாமா இதையே விளம்பரமாக எடுத்து டாசினைப் போட்டுத் தாக்கினார். ஒபாமா பேக் பணமும் வாங்கவில்லை, கூட்டாட்சி அரசிடம் பதிவு பெற்ற லாபியிஸ்டுகளின் (நிறுவனங்களுக்காக அரசிடம் வாதாடும் தரகர்களின்) பணமும் வாங்கவில்லை. அப்படிப்பட்டவர் 2009-இல் மருத்துவச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தபோது, அவருடைய வெள்ளை மாளிகை அதே டாசினோடு உட்கார்ந்து, பத்து ஆண்டில் 8,000 கோடி டாலர் விட்டுக்கொடுக்கிறோம், எதிர்க்காமல் இருக்கிறோம், விலைப் பேச்சை மட்டும் கேட்காதீர்கள் என்ற ஏற்பாட்டுக்கு வந்தது. உறுதிமொழி சுத்தம். அந்த வரி மட்டும் அப்படியே இருந்தது. ஒபாமா விலைபோனார் என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சங்கத்தின் எதிர்ப்பைச் சமாளித்துச் சட்டத்தை நிறைவேற்ற முடியாது என்று கணக்குப் போட்டார். கார்ப்பரேட் செல்வாக்கு இந்த உருவத்தில்தான் பெரும்பாலும் வருகிறது: லஞ்சக் கவராக வராது, எதிர்த்தால் உன் மசோதாவைக் கவிழ்ப்பேன் என்ற பலமாக வரும்.

அந்த வரியை உடைத்தது யார்? 2022 ஆகஸ்டில், பைடன். துணை அதிபர் ஹாரிஸின் ஓட்டோடு செனட்டில் 51-50. மெடிகேர் முதல் தடவையாக விலை பேசத் தொடங்கியது, முதல் சுற்றில் 10 மருந்துகள். முற்போக்காளர்கள் கேட்டதில் இது கொஞ்சம்தான். சந்தைக்கு வந்து பல ஆண்டான மருந்துகளுக்கு மட்டுமே பொருந்தும். அதே மசோதாவில், தனியார் முதலீட்டு நிறுவன மேலாளர்களின் வரிச்சலுகையைக் குறைக்கும் பகுதியை அரிசோனா செனட்டர் கிர்ஸ்டன் சினிமாவின் ஓட்டுக்காகக் கழற்றிவிட்டார்கள். அந்தத் துறையினர் சினிமாவுக்குக் கணிசமாக நிதி தந்திருந்தது பதிவில் இருக்கிறது. அதற்காகத்தான் அவர் அப்படிச் செய்தாரா என்பதைப் பதிவு சொல்லாது, நானும் சொல்ல முடியாது.

இந்த பைடன்தான் முற்போக்காளர்களின் பட்டியலில் "கார்ப்பரேட் ஜனநாயகவாதி" என்று முதலிடத்தில் இருந்தவர். காரணமில்லாமல் இல்லை. கடன் அட்டை நிறுவனங்களின் தாய்வீடான டெலவேருக்கு 36 ஆண்டுகள் செனட்டராக இருந்தவர். திவாலாகும் சாதாரணக் குடும்பங்களின் கழுத்தை நெரிக்கும் என்று அன்றைய ஹார்வர்டு பேராசிரியர் வாரன் நேருக்கு நேர் வாதாடிய 2005 திவால் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர். 2019 ஜூனில் மன்ஹாட்டன் ஓட்டல் ஒன்றில் பணக்கார நன்கொடையாளர்களிடம், உங்கள் வாழ்க்கையில் அடிப்படையாக எதுவும் மாறிவிடாது என்று சொன்னவர். அவரேதான் 2021-இல், பெருநிறுவனங்களின் ஏகபோகத்தை விமர்சித்துவந்த 32 வயது லீனா கானை வணிகப் போட்டி ஆணையத்தின் தலைவராக்கினார், 2023 செப்டம்பரில் மிச்சிகனில் கார்த் தொழிலாளர்களின் மறியல் வரிசையில் போய் நின்றார். பதவியில் இருக்கும் அதிபர் எவரும் அதற்கு முன் செய்யாதது. 2005-ஐ மட்டும் பார்த்து அவரைக் கணித்தவர்கள் 2021-ஐத் தவறவிட்டார்கள். என்ன மாறியது? சாண்டர்ஸும் வாரனும் வெல்லாமலே கட்சியை நகர்த்தினார்கள் என்பது என் மதிப்பீடு. தோற்ற முற்போக்கு வேட்பாளர்களுக்கு விழுந்த ஓட்டுகள் வீணாகவில்லை. கொள்கைக் குழுக்களில் இடமாகவும், நியமனங்களில் பெயர்களாகவும் திரும்பி வந்தன.

ஆகவே பிரைமரியில் ஒருவரை எடைபோட நான் பார்ப்பது, நன்கொடையாளரின் நலனும் சொந்த வாக்காளரின் நலனும் மோதிய ஒரு தருணத்தில் அவர் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்பதைத்தான். எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விஷயத்தில் விழுந்த ஓட்டு எதையும் காட்டாது. அதற்கு அடுத்தது ஆட்கள். யாரை நிதித்துறைக்குப் போடுவார், வணிகப் போட்டி ஆணையத்துக்கு யார் என்று நேரடியாகக் கேளுங்கள். 2024 ஜூலையில் ஹாரிஸ் வேட்பாளரான சில நாளிலேயே, பெரிய நன்கொடையாளரான ரீட் ஹாஃப்மன், லீனா கானை மாற்ற வேண்டும் என்று தொலைக்காட்சியிலேயே சொன்னார். ஹாரிஸ் அதை ஏற்கவும் இல்லை, கான் தொடர்வார் என்று ஊரறியச் சொல்லவும் இல்லை. எந்த பேக் பட்டியலைவிடவும் அந்த மௌனம் எனக்கு அதிகம் சொன்னது. மூடிய அறைப் பேச்சும் கணக்கில் வரும். கோல்ட்மன் சாக்ஸில் மூன்று உரைக்கு 6 லட்சத்து 75 ஆயிரம் டாலர் வாங்கிய ஹிலாரி கிளின்டன், எழுத்து வடிவத்தை வெளியிட மறுத்ததுதான் அவரை அதிகம் காயப்படுத்தியது. கசிந்தபோது அவற்றில் குற்றம் என்று எதுவும் இல்லை. 2019 டிசம்பர் விவாதத்தில் வாரன் புட்டிஜிஜை நாப்பாவின் ஒயின் குகை விருந்தை வைத்துக் குத்தினார், இந்த மேடையில் கோடீஸ்வரனோ லட்சாதிபதியோ இல்லாத ஒரே ஆள் நான்தான் என்று புட்டிஜிஜ் திருப்பியடித்தார். பார்க்க சுவாரசியம். வாக்காளருக்குப் பிரயோசனம் குறைவு.

பொதுத்தேர்தல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் முடிவின் வால் அங்கேதான் போய் முடியும் என்பதால் சொல்கிறேன். இரண்டு கட்சிகளும் கார்ப்பரேட் கையில் என்றுதான் 2000-இல் ரால்ஃப் நேடர் நின்றார். ஃபுளோரிடாவில் அவர் பெற்றது 97,488 ஓட்டு. புஷ் அங்கே வென்றது 537 ஓட்டில். 2016-இல் மிச்சிகனில் டிரம்ப்பின் வித்தியாசம் 10,704, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் பெற்றது 51 ஆயிரத்துச் சொச்சம். எண்களில் சந்தேகம் இல்லை. அவர்கள் நிற்காவிட்டால் அந்த ஓட்டெல்லாம் ஜனநாயகக் கட்சிக்குத்தான் வந்திருக்கும் என்பது சந்தேகத்துக்குரியது. பலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள், சிலர் எதிர்ப்பக்கம் போயிருப்பார்கள். ஆனால் ஃபுளோரிடாவில் 97 ஆயிரத்தில் நிகரமாக 538 பேர் போதும் என்னும்போது அந்தச் சந்தேகம் எனக்கு அதிகம் உதவவில்லை. பிரைமரியில் கறாராக இருங்கள், நவம்பரில் மாநிலத்தைப் பார்த்து முடிவெடுங்கள் என்பதே என் நிலை. மனச்சாட்சிப்படி இதை ஏற்காத நல்லவர்கள் உண்டு, அவர்களோடு சண்டையில்லை.

கடைசியாக உங்கள் ஊர் விஷயம். நியூ ஜெர்சியில் எந்தக் கட்சியிலும் பதியாதவர் பிரைமரி அன்று வாக்குச்சாவடியிலேயே ஜனநாயகக் கட்சி என்று அறிவித்து ஓட்டுப் போடலாம். வேறு கட்சியில் பதிந்திருந்தால்தான் 55 நாளுக்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும். நியூயார்க்கில் இருக்கும் உங்கள் நண்பர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. 2016-இல் அங்கே கட்சி மாறுவதற்கான கெடு முந்தைய அக்டோபரிலேயே முடிந்துவிட்டதால், சாண்டர்ஸ் ஆதரவாளர்கள் பலரோடு டிரம்ப்பின் மகளும் மகனுமே அப்பாவுக்கு ஓட்டுப் போட முடியாமல் நின்றார்கள். நியூ ஜெர்சியின் குறை வேறு: உங்கள் அதிபர் பிரைமரி வழக்கமாக ஜூனில். 2016-இல் ஜூன் 7 காலையில் நீங்கள் வரிசையில் நிற்பதற்குள், கிளின்டன் வென்றுவிட்டார் என்று முந்தின நாள் இரவே செய்தி நிறுவனம் அறிவித்தாகிவிட்டது. 2028-லும் அப்படி நடக்கலாம். அதனால் அதிபர் தேர்வில் உங்கள் குரல் எடுபட வேண்டும் என்றால், முந்தைய ஆண்டின் இலையுதிர்காலத்தில் நீங்கள் அனுப்பும் 25 டாலர்தான் ஜூன் ஓட்டைவிடக் கனமானது. அதே ஜூன் வாக்குச்சீட்டில் கீழே இருக்கும் காங்கிரஸ் பிரைமரியை மறந்துவிடாதீர்கள். மாவட்டக் கட்சித் தலைமை தன் ஆட்களை ஒரே வரிசையில் அடுக்கி மற்றவர்களை ஓரத்தில் தள்ளும் பழைய சீட்டு முறையை, அப்போது செனட் வேட்பாளராக இருந்த ஆண்டி கிம் தொடுத்த வழக்கில் 2024 மார்ச்சில் கூட்டாட்சி நீதிபதி ஜாகித் குரைஷி நிறுத்தினார். கிரிப்டோ நிறுவனங்களின் சூப்பர் பேக் 2024-இல் கலிபோர்னியாவில் செனட்டுக்கு நின்ற கேட்டி போர்ட்டருக்கு எதிராக, கிரிப்டோ என்ற சொல்லே வராத விளம்பரங்களில் 1 கோடி டாலர் செலவழித்ததும் ஒரு பிரைமரியில்தான். அந்த மாதிரி விளம்பரம் உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் வந்தால், கடைசி சில விநாடியில் அடியில் பொடி எழுத்தில் ஓடும் குழுவின் பெயரைக் குறித்துக்கொண்டு தேர்தல் ஆணைய இணையதளத்தில் தேடுங்கள். தேர்தலுக்கு முந்தைய 20 நாளில் 1,000 டாலரோ அதற்கு மேலோ செய்த செலவை அவர்கள் 24 மணி நேரத்துக்குள் அங்கே பதிந்தாக வேண்டும்.